பழைய மியாட்டாவில் கிளட்ச் பிரியவில்லை: மாஸ்டரா, ஸ்லேவா, உள்ளே பிளேட்டா?

ஸ்கார்பரோ_மியாட்டா

எல்லோருக்கும் வணக்கம். கார் 1992 மாஸ்டா மியாட்டா, 1.6 எஞ்சின், ஐந்து கியர். டொரொன்டோவில் இருக்கிறேன், நவம்பரில் கவர் போட்டு மூடினால் ஏப்ரலில்தான் வெளியே எடுப்பேன், இங்கே ரோட்டில் கொட்டுகிற உப்பை இந்தக் காருக்குக் காட்ட மனமில்லை.

இந்த ஏப்ரலில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் ஒரே உதையில் பிடித்தது, ஆனால் முதல் கியர் விழவில்லை. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டால் எல்லாக் கியரும் வெண்ணெய் மாதிரி விழுகிறது. பெடலை இரண்டு மூன்று தரம் வேகமாக மிதித்துவிட்டு உடனே போட்டால், எஞ்சின் ஓடும்போதும் விழுகிறது. சிக்னலில் முதல் கியரில் பெடலை மிதித்தபடி நின்றால் கொஞ்ச நேரத்தில் கார் மெல்ல முன்னால் நகரப் பார்க்கிறது.

போன இலையுதிர் காலத்திலும் இதே மாதிரி ஒரு தொந்தரவு வந்து, ஒரு கராஜில் ஸ்லேவ் சிலிண்டர் (ஒயில் அழுத்தத்தில் கிளட்ச்சைத் தள்ளுகிற கீழ்ச் சிலிண்டர்) மாற்றி, அதில் ஓடுகிற பிரேக் ஒயிலும் மாற்றி, குழாயில் மாட்டிய காற்றையும் எடுத்துத் தந்தார்கள். சில வாரம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது அதே கராஜில் "எங்கும் லீக் இல்லை, ஆகவே ஹைட்ராலிக்கில் பிழை இல்லை, கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது, கியர்பாக்ஸ் இறக்க வேண்டும்" என்று ஒரு பெரிய தொகை சொல்கிறார்கள். இறக்க விடுவதா? ஜாக் ஸ்டாண்ட், ஸ்பேனர் செட் எல்லாம் வீட்டில் இருக்கிறது, பிரேக் வேலை நானே செய்வேன்.

பழைய_ஸ்பேனர்

தம்பி, கியர்பாக்ஸை இப்போதைக்குத் தொட விடாதீர்கள். விடை உங்கள் கேள்வியிலேயே பாதி இருக்கிறது.

பெடலை இரண்டு மூன்று தரம் மிதித்தால் சரியாகிறது என்கிறீர்கள். பிளேட் தேய்ந்தாலோ வளைந்தாலோ பைலட் பேரிங் (கியர்பாக்ஸ் ஷாஃப்டின் முனையைத் தாங்குகிற பேரிங்) இறுகினாலோ நீங்கள் எத்தனை முறை மிதித்தாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. மிதிக்க மிதிக்க மாறுகிற குறை என்றால் அது ஆயில் ஓடுகிற பாதையில்தான் இருக்கிறது. இன்னொன்று, பிளேட் தேய்ந்து போனால் கிளட்ச் *வழுக்கும்*, அதாவது ஆக்சிலேட்டர் கொடுத்தால் எஞ்சின் மட்டும் கத்தும், கார் போகாது. உங்களுக்கு நடப்பது அதற்கு நேர் எதிர், கிளட்ச் பிரிய மறுக்கிறது, அதாவது மிதித்தாலும் எஞ்சினும் கியர்பாக்ஸும் தனித்தனியாவதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பிளேட் மாற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குளிர்காலம் முழுக்க நின்ற கார் என்பதால் ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் வைக்கலாம்: பிளேட் ஃப்ளைவீலோடு (எஞ்சினோடு சுற்றுகிற கனமான சக்கரம்) துருவில் ஒட்டிக்கொள்வது. ஆனால் அது ஒட்டினால் ஒட்டியதுதான், மூன்றாவது மிதியில் விட்டு நாலாவது நிமிடத்தில் திரும்ப ஒட்டாது.

முதலில் மூன்று இடம் பாருங்கள். ரிசர்வாயர் (ஆயில் டப்பா) மட்டமும் ஆயிலின் நிறமும். அப்புறம் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு, பெடலுக்கு மேலே மாஸ்டரின் (பெடல் தள்ளுகிற மேல் சிலிண்டர், அங்கிருந்துதான் ஆயில் ஸ்லேவுக்குப் போகும்) ராட் வெளியே வருகிற இடத்தில் ஈரம் இருக்கிறதா, பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று (பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும், லீக் காய்ந்து போனாலும் அந்தத் தழும்பு போகாது). கடைசியாகக் காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, கியர்பாக்ஸ் மணியின் (கிளட்ச்சை மூடியிருக்கிற முன்பக்க உறை) வலப்பக்கம் இருக்கிற ஸ்லேவின் ரப்பர் பூட்டை விரலால் மெல்ல உரித்துப் பாருங்கள். வெளியே துடைத்தது போல இருக்கும், பூட்டுக்குள் அரை ஸ்பூன் கறுப்பு ஆயில் நிற்கும். அதை உரிக்காமலே "லீக் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள்.

டிராக்_டே_ராஜா

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? மாஸ்டர், ஸ்லேவ், ரப்பர் ஹோஸ் மூன்றையும் ஒரே நாளில் மாற்றித் தள்ளுங்கள். மியாட்டாவுக்கு இந்த மூன்றும் சேர்ந்தாலும் ஒரு நல்ல டயரின் விலை வராது. இந்தக் காரில் ஸ்லேவ் போவது டயர் தேய்வது மாதிரி, சில வருடத்துக்கு ஒரு தரம் போகும், யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. நான் அப்படித்தான் செய்தேன், பிரச்சினை முடிந்தது.

பழைய_ஸ்பேனர்

மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பழைய காரில் மூன்றையும் சேர்த்து மாற்றுவது நல்ல வழக்கம்தான். ஆனால் அளக்காமல் மாற்றினால் என்ன ஆகும் தெரியுமா? மூன்றையும் மாட்டிய பிறகும் கியர் விழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே காற்று மிச்சம் இருக்கிறதா, கடையில் கொடுத்த புது மாஸ்டரே சொத்தையா, இல்லை உண்மையிலேயே ஃபோர்க்கோ (ஸ்லேவ் ராட் தள்ளுகிற நெம்புகோல்) பிளேட்டோ போய்விட்டதா, எதை வைத்துச் சொல்வீர்கள்? ஒரு ஸ்கேலை வைத்து ஸ்லேவ் ராட் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஒரு எண் கையில் இருந்தால் குறை ராடுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முடிந்துவிடும். ராட் முழுசாக நகர்ந்தும் கிளட்ச் பிரியவில்லை என்றால்தான் கியர்பாக்ஸ் இறக்குகிற பேச்சு.

ஸ்கார்பரோ_மியாட்டா

பார்த்தேன். ரிசர்வாயரில் மட்டம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. ஆனால் ஒயில் கறுப்பு, காப்பித்தூள் கரைத்த மாதிரி அடியில் கசடு வேறு. ஆறு மாதம் முன்புதான் புது ஒயில் விட்டார்கள்! பெடல் பக்கம் ஈரம் இல்லை, பெயின்டும் நன்றாக இருக்கிறது. ஸ்லேவ் பூட்டை உரித்தேன், உள்ளே காய்ந்துதான் இருக்கிறது.

அப்போ கராஜ்காரர் சொன்னது சரிதானோ? லீக்கே இல்லையே.

கோவை_பட்டறை

லீக் இல்லை என்றால் ஹைட்ராலிக் நல்லது என்று அர்த்தம் இல்லைங்க. இங்கே பட்டறையில் தினமும் இதே விவாதம்தான். ஆயில் வெளியே போகாமலே பிரஷர் போகலாம்.

மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டனில் ரெண்டு ரப்பர் வாஷர் இருக்கும். பெடல் பக்கம் இருப்பது போனால் ஆயில் வெளியே கசிந்து உங்கள் ஷூ நனையும். முன்னால் இருக்கிற மெயின் வாஷர் போனால் சொட்டு ஆயில் வெளியே வராது, ஏனென்றால் வாஷரைத் தாண்டிய ஆயில் பின்பக்கம் வழியாகத் திரும்ப ரிசர்வாயருக்கே போய்விடும். மட்டம் குறையாது, பூட் நனையாது, பெடல் மட்டும் இறங்கும். நாங்கள் இதை "உள் லீக்" என்போம்.

உங்கள் ஆயில் ஆறு மாதத்தில் கறுத்ததும் அதற்கு ஒரு சாட்சி. ஆயில் தானாக அவ்வளவு சீக்கிரம் கறுக்காது, ரப்பர் அரைந்து அதில் கலக்கிறது. ஸ்லேவ் புதுசு. ஹோஸ் பழசு, மாஸ்டர் பழசு. அரைவது இந்த ரெண்டில் ஒன்று.

ஒரு சின்ன டெஸ்ட். ரிசர்வாயர் மூடியைத் திறந்து வைத்து, இன்னொருவரைப் பெடலை மெதுவாக, ரொம்ப மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள், நீங்கள் உள்ளே பாருங்கள். அழுத்த ஆரம்பித்ததும் ஒரு குட்டிக் கொப்புளிப்பு வரும், அது சரி, ரிசர்வாயரிலிருந்து சிலிண்டருக்கு ஆயில் இறங்குகிற சின்ன ஓட்டையை வாஷர் தாண்டுகிற வரைக்கும் ஆயில் மேலே தள்ளப்படும். அதற்கப்புறமும் பெடல் இறங்க இறங்க ஆயில் கலங்கிக்கொண்டே இருந்தால் மெயின் வாஷர் முடிந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள், வேகமாக மிதித்தால் கண்ணில் அடிக்கும். கார் பாடியில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

சும்மா_வாசிக்கிறவன்

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும், எனக்குக் காரே இல்லை. கேபிள் கிளட்ச் என்றால் ஒரு கம்பியை இழுத்தால் முடிந்தது. இதில் ஏன் இவ்வளவு நுணுக்கம்? கொஞ்சம் காற்று இருந்தால் என்ன, பிரேக்கில் கொஞ்சம் காற்று இருந்தாலும் பிரேக் பிடிக்கத்தானே செய்கிறது?

பழைய_ஸ்பேனர்

நல்ல கேள்வி, கணக்காகவே சொல்கிறேன். இந்த மியாட்டாவில் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 15.87 மி.மீ., ஸ்லேவின் உள்விட்டம் 19.05 மி.மீ. பரப்பளவு போட்டுப் பார்த்தால் ஸ்லேவ் 2.85 சதுர செ.மீ. வருகிறது. அதாவது ஸ்லேவ் ராட் ஒரு செ.மீ. நகர வேண்டும் என்றால் வெறும் 2.85 சிசி ஆயில் போனால் போதும். இப்போது குழாயில் ஒரே ஒரு சிசி காற்று மாட்டிக்கொண்டால், பிரஷர் ஏறியதும் அது நசுங்கி ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும், நீங்கள் அனுப்பிய ஆயிலில் ஒரு சிசி அதை நசுக்குவதற்கே செலவாகும். ஸ்லேவில் 3.5 மி.மீ. போய்விட்டது. கிளட்ச் பிரிகிற இடத்துக்கும் பெடல் தரையைத் தொடுகிற இடத்துக்கும் நடுவில் மிச்சம் இருப்பதே அவ்வளவுதான், சில கார்களில் அதுவும் இல்லை.

பிரேக்கில் காற்று இருந்தால் பெடல் இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பிடிக்கும். கிளட்ச்சில் அந்த "இன்னும் கொஞ்சம்" இருப்பதில்லை. அதுதான் வித்தியாசம்.

லண்டன்_944

நான் இதை ஆவலோடு படித்துக்கொண்டிருக்கிறேன், என்னிடம் இருப்பது 1986 போர்ஷே 944. இதில் தப்பாகக் கணித்தால் வலி இன்னும் பெரிது: எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், நடுவில் இரண்டையும் இணைக்கிற டார்க் ட்யூப். கிளட்ச் எஞ்சினோடு முன்னால் இருப்பதால், பிளேட்டைப் பார்க்க எக்ஸாஸ்ட் இறக்கி, கியர்பாக்ஸ் இறக்கி, அந்த ட்யூபையும் பின்னால் தள்ள வேண்டும். அதனால் 944 வைத்திருப்பவர்கள் எல்லோரும் "கடவுளே, ஹைட்ராலிக்காகவே இருக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டுதான் காரைத் தூக்குவோம்.

ஆனால் எங்கள் காரில் உள்ளே ஒரு கண்ணி இருக்கிறது. பல 944களில் தொழிற்சாலையிலிருந்து வந்த பிளேட்டின் நடுவில் அதிர்வைத் தாங்குகிற ரப்பர் டாம்பர். முப்பது வருடத்தில் அந்த ரப்பர் சிதைந்து துண்டு துண்டாகி, துண்டுகள் உள்ளே சிக்கினால் கிளட்ச் பிரியாது. ஆக எங்களுக்கு "மிதிக்க மிதிக்க மாறுகிறதா" என்கிற கேள்விதான் உயிர்நாடி.

ஒரு சந்தேகம்: காற்று இருந்தாலும் பெடலை அடித்தால் சரியாகும், உள் லீக் இருந்தாலும் சரியாகும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

கோவை_பட்டறை

அடித்து மேலே கொண்டுவந்து, அப்படியே பிடித்து வையுங்கள். காற்று என்றால் பெடல் ஸ்பிரிங் மாதிரி துள்ளும், ஆனால் பிடித்த இடத்தில் நிற்கும். காற்று நசுங்கி முடிந்தால் முடிந்தது, அது எங்கே போகும்? உள் லீக் என்றால் நிற்காது, காலுக்கடியில் மெல்ல இறங்கும், அல்லது பெடல் தரையிலேயே இருந்தாலும் ஸ்லேவ் ராட் திரும்பி வந்துகொண்டிருக்கும். முதல் பதிவில் "சிக்னலில் நின்றால் கார் மெல்ல முன்னால் நகரப் பார்க்கிறது" என்று எழுதியிருக்கிறாரே, அதைப் படித்ததும் எனக்கு மாஸ்டர்தான் என்று தோன்றியது.

ஸ்கார்பரோ_மியாட்டா

ஸ்கேல் வைத்து அளந்தேன். எஞ்சின் ஆஃப், கார் நாலு ஸ்டாண்டில், மனைவி பெடலில் (அவருக்கு இதில் துளியும் விருப்பம் இல்லை என்பதை அவர் சார்பில் பதிவு செய்கிறேன்).

ஆற அமர விட்டு முதல் மிதி: ஸ்லேவ் ராட் 7 மி.மீ. நகர்ந்தது. வேகமாக அடித்து மூன்றாவது மிதி: 12 மி.மீ. அந்த மூன்றாவது மிதியை எடுக்காமல் பிடித்து வைக்கச் சொன்னேன். கண் முன்னாலேயே ராட் மெல்ல மெல்லத் திரும்பி 8-க்கு வந்துவிட்டது. ரிசர்வாயருக்குள் பார்த்தால், பெடல் இறங்கும் வரைக்கும் ஒயில் கலங்கியபடியே இருக்கிறது.

பழைய_ஸ்பேனர்

முடிந்தது. 12 மி.மீ. போகும்போது கியர் விழுகிறது, 7-இல் விழவில்லை. அதாவது உங்கள் பிளேட், ஃபோர்க், அது தள்ளுகிற ரிலீஸ் பேரிங் எல்லாம் தன் வேலையைச் செய்யத் தயாராக இருக்கின்றன, அவற்றுக்குப் போய்ச் சேர வேண்டிய தள்ளல்தான் போகவில்லை. கியர்பாக்ஸ் இறக்கச் சொன்னவருக்கு இந்த இரண்டு எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

டிராக்_டே_ராஜா

நான் சொன்ன மூன்றில் ஒன்றுதானே! ஆனாலும் ஒரு சந்தேகம், ஹோஸ் வீங்கினாலும் ராட் குறைவாக நகருமே?

பழைய_ஸ்பேனர்

நகரும். ஆனால் வீங்கிய ஹோஸ் முதல் மிதிக்கும் மூன்றாவது மிதிக்கும் ஒரே மாதிரி வீங்கும், பிடித்து வைத்தால் இறங்காது. இருந்தாலும் ஒரு கையால் ஹோஸைப் பிடித்துக்கொண்டு இன்னொருவரை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள், நல்ல ஹோஸ் கைக்குள் லேசாக விறைக்கும், கெட்டது எலி விழுங்கிய பாம்பு மாதிரி ஒரு இடத்தில் புடைக்கும்.

ஹோஸ் வேறு விதமாகவும் கெடும், அதை யாரும் யோசிப்பதில்லை. உள்சுவர் வீங்கி வழி அடைத்துவிட்டால், மிதிக்கும்போது பிரஷரில் ஆயில் போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வர நேரம் எடுக்கும். பெடல் மேலே வந்த பிறகும் கிளட்ச் தாமதமாகப் பிடிக்கும், சில நேரம் வழுக்கும். அந்த மாதிரி வழுக்கலுக்கும் பிளேட்டைத்தான் பழி சொல்வார்கள்.

கோவை_பட்டறை

ஹோஸ் மேல் கிளாம்ப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஹோஸை நசுக்கி மூடிவிட்டு மிதித்தால், பெடல் கல் மாதிரி நின்றால் மாஸ்டர் நல்லது, அப்போதும் இறங்கினால் மாஸ்டர் கெட்டது.

பழைய_ஸ்பேனர்

முப்பது வருட ரப்பரை கிளாம்ப் போட்டு நசுக்கினால் டெஸ்ட் முடிந்ததும் அந்த ஹோஸை வீசத்தான் வேண்டும், உள்ளே கிழிந்து ஒரு துண்டு தொங்கினால் புதுப் பிரச்சினை. ஹோஸ் மாற்றப் போவது நிச்சயம் என்றால் செய்யுங்கள். இல்லையென்றால் மாஸ்டரின் வாயில் குழாயைக் கழற்றி, அதே மரையில் ஒரு அடைப்பு நட்டைப் போட்டு மூடிவிட்டு மிதியுங்கள், அதே விடை கிடைக்கும். குழாய் நட்டுக்கு 10 எம்எம், சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை உருண்டு போகும், ஃப்ளேர் நட் ஸ்பேனர் வாங்கிக்கொள்ளுங்கள். உப்பு ஊரில் இருக்கிறீர்கள், முந்தின நாளே துருவை இளக்குகிற எண்ணெய் அடித்து ஊற விடுங்கள்.

ஸ்கார்பரோ_மியாட்டா

அடைப்புப் போட்டும் பார்த்தேன், கிட்டத்தட்டக் கல் மாதிரி இருந்தது, ஆனால் காலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தால் இறங்குகிறது. மாஸ்டர்தான். புதுசு ஆர்டர் போட்டாயிற்று, ஹோஸும் சேர்த்து. ரிப்பேர் கிட் போடலாமா என்று கேட்க நினைத்தேன், கிட்டின் விலையையும் புது மாஸ்டரின் விலையையும் பார்த்ததும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. போன வருடம் கெட்டது ஸ்லேவ், அதை மாற்றினார்கள், சில வாரம் சரியாக இருந்தது. பிறகு மாஸ்டர் ஏன் போனது? தற்செயலா?

பழைய_ஸ்பேனர்

தற்செயல் இல்லை, ரொம்ப வழக்கமான கதை. காரை நீங்கள் எத்தனை வருடம் ஓட்டினாலும் மாஸ்டரின் பிஸ்டன் ஏறக்குறைய ஒரே தூரம்தான் போய் வரும். அந்தத் தூரம் வரைக்கும் சுவர் பளபளவென்று இருக்கும். அதைத் தாண்டிய பகுதியில், வாஷர் ஒருபோதும் துடைக்காத இடத்தில், ஈரம் இறங்கித் துருவும் கசடும் உட்காரும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற சாதி, அதிலும் ஆறு மாதம் அசையாமல் நிற்கிற கார்.

பிறகு ஒருநாள் காற்று எடுக்க உட்காருகிறார்கள். ஒருவர் ஸ்லேவில் காற்றை வெளியே விடுகிற நிப்பிளைத் திறக்க, மற்றவர் பெடலைத் தரை வரைக்கும் ஓங்கி மிதிக்கிறார். எதிர்ப்பே இல்லாததால் பிஸ்டன் இதுவரை போகாத தூரத்துக்குப் போய், பழைய இறுகிய வாஷரின் உதட்டை அந்தத் துருவின் மேல் இழுத்துத் தேய்க்கிறது. அன்றைக்கே தெரியாது. சில வாரம் கழித்துத் தெரியும். உங்கள் கறுப்பு ஆயில் அங்கிருந்து வந்ததுதான்.

பழைய மாஸ்டரை வைத்துக்கொண்டு ப்ளீட் செய்தால் (காற்று எடுத்தால்) பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள், தரை வரைக்கும் போகாது. அல்லது பெடலையே தொடாமல் ரிசர்வாயரில் லேசாக அழுத்தம் கொடுக்கிற பம்ப் வைத்து எடுங்கள்.

லண்டன்_944

இதை யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ப்ளீட் பற்றி வந்ததால் கேட்கிறேன், ராத்திரி முழுக்கப் பெடலை ஒரு குச்சியால் அமுக்கி வைத்தால் காற்று தானாக வெளியேறிவிடும் என்று பலர் சத்தியம் செய்கிறார்கள். உண்மையா?

கோவை_பட்டறை

எனக்கு அதில் நம்பிக்கை இல்லைங்க. பெடல் கீழே இருக்கும்போது ரிசர்வாயருக்குப் போகிற ஓட்டையை வாஷர் மூடியிருக்கிறது. காற்று எந்த வழியாகப் போகும்?

பழைய_ஸ்பேனர்

ஓட்டை மூடியிருப்பது உண்மை. ஆனால் அழுத்தத்தில் குமிழி சுருங்கும், சுருங்கிய குமிழி குழாயின் வளைவில் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தை விட்டு மேலே நகரும், காலையில் பெடலை விட்டதும் மாஸ்டர் பக்கம் வந்து வெளியேறும். வேலை செய்கிறது, பார்த்திருக்கிறேன். ஆனால் அது கடைசிச் சொட்டுக் காற்றுக்கு, முதல் வேலைக்கு இல்லை. பழைய வாஷரை ராத்திரி முழுக்க அழுத்தத்தில் வைப்பதும் எனக்குப் பிடிக்காது.

மியாட்டாவில் கிளட்ச் குழாய் நேராக இறங்குவதில்லை, சுற்றி வளைத்துக்கொண்டுதான் போகும், காற்று தங்க இடம் நிறைய. நான் செய்வது இது: புது மாஸ்டரை மாட்டும் முன் மேசையிலேயே வைசில் பிடித்து ஆயில் ஊற்றி, ராடை மெல்லத் தள்ளி அதன் வயிற்றில் இருக்கிற காற்றை எடுத்துவிடுவேன். காரில் மாட்டியதும் ஒரு பெரிய சிரிஞ்சில் புது ஆயிலை நிரப்பி, ஸ்லேவ் நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே தள்ளுவேன், காற்று போக விரும்புகிற திசையிலேயே போகட்டும் என்று. ரிசர்வாயர் நிரம்பி வழியாமல் ஒருவர் மேலே நின்று உறிஞ்ச வேண்டும். பழைய கசடு இருக்கிற சிஸ்டத்தில் இந்த வழி வேண்டாம், அழுக்கு முழுவதும் புது மாஸ்டருக்குள் போய்விடும், முதலில் கழுவி விடுங்கள்.

ஆயில் டாட் 3 (பிரேக் ஆயிலின் தரக் குறியீடு) என்றுதான் மாஸ்டா சொல்கிறது. டாட் 4 ஊற்றினாலும் தப்பில்லை, கலக்கலாம். டாட் 5 மட்டும் கிட்டே கொண்டு வராதீர்கள், அது சிலிகான், மற்ற இரண்டோடு சேராது. 5.1 என்று எழுதியிருந்தால் அது வேறு, அது சேரும்.

முக்கியமானது இன்னும் ஒன்று இருக்கிறது. புது மாஸ்டர் போட்டதும் பெடல் ராடின் நீளத்தைச் சரி பார்க்காமல் விடாதீர்கள். பெடலைக் கையால் தொட்டால் பிஸ்டனைத் தொடும் முன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் லூஸ் இருக்க வேண்டும். "பெடல் இன்னும் மேலே பிடிக்கட்டும்" என்று ராடை நீட்டி அந்த லூஸைச் சாப்பிட்டுவிட்டால், ஓய்வில் இருக்கும்போதும் வாஷர் அந்தச் சின்ன ஓட்டையை மூடியே இருக்கும். எஞ்சின் சூட்டில் ஆயில் விரியும், திரும்பிப் போக வழி இல்லை, ஸ்லேவை அதுவே தள்ளும், நீங்கள் மிதிக்காமலே கிளட்ச் பாதி மிதிபட்டிருக்கும். ஹைவேயில் வழுக்கும், ஆறினால் சரியாகும். அப்புறம் இன்னொரு இழை தொடங்க வேண்டியிருக்கும்.

ஸ்கார்பரோ_மியாட்டா

வேலை முடிந்தது. மாஸ்டரைக் கழற்றுவது சுலபம் என்று சொன்ன எல்லோருக்கும் என் முதுகின் சார்பில் கண்டனம், டேஷுக்குக் கீழே இருக்கிற அந்த நட்டுக்கு மனிதக் கை போகாது, தலைகீழாகத் தொங்கி நீள எக்ஸ்டென்ஷன் போட்டுத்தான் கழற்ற வேண்டியிருந்தது.

பழைய மாஸ்டரைப் பிரித்துப் பார்த்தேன். மெயின் வாஷரின் உதட்டில் ஒரு பக்கம் கீறல், தொட்டால் விரலில் கறுப்பு மை மாதிரி ஒட்டுகிறது. சிலிண்டரின் உள்ளே பாதி தூரம் கண்ணாடி, அதற்கப்பால் பழுப்பு வளையம். அண்ணை சொன்னது போலவே.

புதுசு மாட்டி, சிரிஞ்ச் முறையில் காற்று எடுத்து அளந்தால், முதல் மிதியே 13 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. பிடித்து வைத்தால் அசையவில்லை. முதல் கியர் விழுகிறது, சிக்னலில் கார் நிற்கிறது.

ஒரே ஒரு குறை. காலையில் ஸ்டார்ட் செய்து உடனே ரிவர்ஸ் போட்டால் இன்னும் லேசாக ஒரு "கர்". பழையபடி இல்லை, ஒரு தரம் மட்டும். இது பைலட் பேரிங்கோ?

பழைய_ஸ்பேனர்

பெடலை மிதித்து ஐந்து, ஆறு எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். பழைய கியர்பாக்ஸ்களில் ரிவர்சுக்குப் பெரும்பாலும் சிங்க்ரோ (கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்துகிற வளையம்) இருக்காது. கிளட்ச் முழுசாகப் பிரிந்தாலும் கியர்பாக்ஸின் உள்ஷாஃப்ட் தன் வேகத்தில் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். எண்ணிப் போட்டால் சத்தம் இல்லை என்றால் ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கர் என்றால் ஷாஃப்டை ஏதோ இழுத்துக்கொண்டே இருக்கிறது, அப்போது பைலட் பேரிங்கைச் சந்தேகப்படலாம். அவசரம் என்றால் முதலில் இரண்டாவது கியரில் தட்டிவிட்டு அப்புறம் ரிவர்ஸ் போடுங்கள், அந்தக் கியரின் சிங்க்ரோ ஷாஃப்டை நிறுத்திக் கொடுக்கும்.

ஸ்கார்பரோ_மியாட்டா

எண்ணிப் போட்டால் சத்தமே இல்லை. நன்றி அண்ணை, கோவை அண்ணாவுக்கும். ராஜா, ஹோஸ் உங்கள் கணக்கில் மாற்றினேன்.

டிராக்_டே_ராஜா

மூன்றில் மூன்றும் புதுசாயிற்று, நான் சொன்னதுதான் நடந்தது என்று எழுதி வைத்துக்கொள்கிறேன் :)

லண்டன்_944

இழையை என் பக்கம் கொஞ்சம் திருப்புகிறேன். என் 944-இல் போன வாரத்திலிருந்து பெடல் சில நேரம் தரையிலேயே படுத்துக்கொள்கிறது, விரலால் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. பிரேக் நன்றாக இருக்கிறது. ஸ்பிரிங் போய்விட்டதா?

பழைய_ஸ்பேனர்

உங்கள் காரில் பெடலுக்கு உதவி ஸ்பிரிங் ஒன்று உண்டு, பாதியைத் தாண்டினால் அது பெடலைக் கீழே தள்ளும். மேலே திருப்பி அனுப்ப வேண்டியது கிளட்ச் பக்கத்திலிருந்து வருகிற பிரஷர். அது குறைந்தால் ஸ்பிரிங் ஜெயித்துவிடும், பெடல் படுத்துக்கொள்ளும். ஆக ஸ்பிரிங்கை வாங்கும் முன் பிரஷர் எங்கே போகிறது என்று பாருங்கள்.

944-இல் கிளட்ச்சுக்குத் தனி ரிசர்வாயர் கிடையாது, பிரேக் ரிசர்வாயரின் பக்கவாட்டிலிருந்து ஒரு ஹோஸ் வழியாக ஆயில் வருகிறது. மட்டம் அந்த வாய்க்குக் கீழே போனால் பிரேக்குக்கு ஆயில் இருக்கும், கிளட்ச் காற்றை உறிஞ்சும். பிரேக் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து ஆயில் போதும் என்று நினைக்காதீர்கள். மட்டத்தைப் பாருங்கள், அந்த ஹோஸ் இரண்டு முனையிலும் வியர்க்கிறதா பாருங்கள், அப்புறம் பெடல் பக்கம் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பார்த்துவிட்டு ஸ்லேவ் ராட் எத்தனை மி.மீ. நகர்கிறது என்று இங்கே எழுதுங்கள், முதல் மிதிக்கும் மூன்றாவது மிதிக்கும் தனித்தனியாக.